சேரன் பெயரும் ஐந்தாவது வட்டமும்

அன்று டைரக்டர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பயிற்சி மையத்தின் உரிமையாளரான டைரக்டர் அண்ணாச்சி, கணக்கு எடுக்கும் மேடம், வரலாறு எடுத்துக்கொண்டிருந்த நான், சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த முத்துமாரி. இல்லாதவர் பீர் முகம்மது. யார் கொடுத்த ஆட்சேபத்துக்காகக் கூட்டமோ, அவர் மட்டும் இல்லை. அதே நாளில் திருவனந்தபுரத்தில் விசாவுக்காக அவர் உடம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி மையங்களில் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. தென்காசியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் சில வருடங்கள் போட்டித் தேர்வு வகுப்பு எடுத்துவிட்டு வெளியே வந்தவன் நான். இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாவி கொடுத்து வாங்குகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அம்மா பீடி சுற்றினாள். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் மையத்து வழக்கம் ஒன்று. அங்கே வைக்கும் தேர்வுகளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள் இருக்கும். A, B, C, D நான்கும் விடைகள். ஐந்தாவது E. அதற்கு எப்போதும் ஒரே பொருள்தான்: விடை தெரியவில்லை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. அதனால் நாங்கள் எல்லோரும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவோம்: தெரியாவிட்டாலும் நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கு, E பக்கம் மட்டும் போகாதே. நானும் சொன்னேன். பீர் முகம்மது முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டியவர்தான்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. என்னைவிடப் பெரியவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். ஷார்ஜாவில் ஒரு பலசரக்குக் கடையில் பதினோரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மகளுக்கு அவர் முகத்தைவிட அவர் குரல்தான் அதிகம் பழக்கம். இனி போகக்கூடாது, இங்கேயே ஒரு அரசாங்க வேலை, சின்ன வேலையானாலும் சரி என்று வந்து சேர்ந்தார். ஆனால் கையில் இருந்த காசு கரைந்துகொண்டிருந்தது. மச்சான் மறுபடியும் ஒரு விசாவை வைத்துக்கொண்டு அங்கிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் மையத்தில் வருடத்துக்கு ஒரு தேர்வு நடக்கும். முதலிடம் வருகிறவருக்கு ஒரு வருடத்துக் கட்டணம் கிடையாது. கூடவே வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையும் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் பெயர் சொல்லாமல் தருவது. பாய் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டார்: முதலிடம் கிடைத்தால் விசா வேண்டாம், ஒரு வருடம் உட்கார்ந்து படிப்பது. கிடைக்காவிட்டால் விமானம் ஏறுவது.

எனக்கு முன்னால் வரலாறு எடுத்தவர் வேலையை என்னிடம் ஒப்படைத்தபோது டீக்கடையில் வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். “தம்பி, பிள்ளைகளுக்கு ஒரு விடை கொடு. ரெண்டு கொடுத்தா குழம்பும். நாலு கொடுத்தா உன்னைய நம்பாது.” அவர் நல்ல படிப்பாளி. அப்படிப்பட்டவர் இப்படிச் சொல்கிறாரே என்று அன்றைக்கு அவர்மேல் எனக்கு மதிப்புக் குறைந்தது. இப்போது அவரை நினைத்தால் கோபம்கூட வரவில்லை.

ஆனியில் ஒரு நாள். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, முழுக்க மேகம். மூவேந்தர் பாடம். டைரக்டர் அண்ணாச்சி சொந்தமாக அச்சடித்து விற்கும் கைடில் சேரர் பெயருக்கு ஒரே வரிதான் உண்டு: சேரல் என்றால் மலைச்சரிவு, அந்த நாட்டை ஆண்டவர் சேரர். அடியில் கோடு வேறு. நான் அதை வாசித்து முடிக்கவில்லை, பாய் எழுந்துவிட்டார்.

“சார், ஷார்ஜாவுல எங்க ரூம்ல மலப்புரத்துக்காரன் ஒருத்தன் இருந்தான். கேரம்னா தேங்கா, தேங்கா வெளையுத நாடு கேரளம்னு தெனமும் மல்லுக்கு நிப்பான். கைடு மலைச்சரிவுங்குது. எது சார் சரி?”

பின்னால் இருந்து ஒருவன் சொன்னான்: “பாய், தேங்கா மலைச்சரிவுல உருண்டு வந்திருக்கும்!”

வகுப்பே சிரித்தது. நான் கைடை மூடினேன்.

கேள்வி நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததை எல்லாம் பலகையில் எழுதினேன். சேரல் என்பது மலைச்சரிவு. நம் ஊரில் தூறலுக்குச் சொல்லும் சாரல் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் மலைப்பக்கம்தான். இரண்டும் உறவு என்பது ஒரு கருத்து. சேர் என்ற வினையிலிருந்து வந்தது, கடல் பின்வாங்கிச் சேர்ந்த நிலம் என்பது இன்னொன்று. கழிமுகத்துச் சேற்று நிலம் என்று சொல்பவர்களும் உண்டு. வடமொழிக் கேரம் தென்னைதான். ஆனால் தென்னையால் நாட்டுக்குப் பெயர் வந்ததா, நாட்டுப் பெயருக்குப் பின்னால் தென்னையைக் கட்டிவைத்தார்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மௌரியர் காலத்துக் கல்வெட்டு கேரளபுத்திரர் என்கிறது. மிளகு வாங்க வந்த கிரேக்கர்களின் காதில் விழுந்ததும் ககரம்தான். அப்படியானால் முதலில் இருந்தது கேரல் என்பதா, சேரல் என்பதா? கன்னடத்தில் காதுக்குக் கிவி, நமக்குச் செவி. அங்கே சிவப்பு கெம்பு, இங்கே செம்மை. பழைய ககரம் தமிழில் சகரமாகியிருக்கிறது.

“ஆமா சார்,” என்றார் பாய், உட்காரவே இல்லை. “கடையில மங்களூர்க்காரன் ஒருத்தன் கிவி, கிவின்னு சொல்லித்தான் பயலுவ காதைத் திருகுவான்.”

“எழுத்து மாறுன வழி தெரியுது பாய். ஆனா மொதல்ல அந்தப் பேருக்கு என்ன பொருள்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல.”

“யாருக்குமே தெரியாதா சார்?”

“ஊகம் இருக்கு. முடிவு இல்ல.”

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. “உலகத்துக்கே மொளகு வித்த ராசா. அவன் பேருக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தனுக்கும் தெரியாதுன்னா… நல்லாருக்கே சார் இது!”

அந்த அறையில் அதற்கு முன் யாரும் தெரியாத ஒன்றுக்காகச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அங்கே தெரியாது என்றால் பயம்தான். அன்று மாலை நடந்து வீட்டுக்குப் போகும்போது, இந்த வேலைக்கு நான் வந்தது வீணில்லை என்று தோன்றியது. இப்படித் தோன்றும் நாள் உங்களுக்கும் வரும். அந்த நாளில் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

ஆடியில் தேர்வு வந்தது. கேள்விகளை டைரக்டர் அண்ணாச்சிதான் எடுப்பார், கைடிலிருந்து அப்படியே. சேரர் பெயர் எதிலிருந்து வந்தது என்பதும் வந்திருந்தது. மலைச்சரிவு A, சேர்ந்த நிலம் B, சேற்று நிலம் C, தென்னை D. விடை A.

முடிவில் முத்துமாரி முதலிடம். பாய் அவளுக்கு அடுத்தபடி. இடைவெளி ஒரே கேள்வி, அதாவது ஒன்றரை மதிப்பெண். பாய் தன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வெள்ளைத் தாளில் நான்கு வரி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்: சேரர் பெயர்க் கேள்விக்கு உறுதியான விடை இல்லை, அதை நீக்க வேண்டும். கேள்வியை நீக்கினால் அதன் மதிப்பெண் எல்லோருக்கும் போகும். முத்துமாரியும் பாயும் சமம் ஆவார்கள். சமம் என்றால் வயதில் மூத்தவருக்கு முதலிடம் என்பது மையத்தின் விதி. வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் என் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

டைரக்டர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் பாதிக் கட்டணம் வாங்குவார், மழை என்றால் தானே காரில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விடுவார். அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டம்.

“ஒரு கேள்விதானேன்னு சொல்லுதிய,” என்றார். “கைடு சுரண்டையில இருக்கு, ஆலங்குளத்துல இருக்கு. நாமளே இது தப்புன்னு போர்டுல ஒட்டுனா, அடுத்த வருசம் எவன் வாங்குவான்?”

“கைடு தப்புன்னு நான் சொல்லல அண்ணாச்சி. அதுல இருக்கது ஒரு கருத்து. அதையே முடிவுன்னு கேட்டது தப்பு.”

“சரி. அந்தாளு B போட்டிருந்தா ஒரு நியாயம். D போட்டிருந்தா, ஏதோ மலையாளத்தான் சொன்னதைக் கேட்டுப் போட்டுட்டாருன்னு யோசிப்பேன். அவரு என்ன போட்டிருக்காருன்னு பாத்தியளா?”

தாளை என் பக்கம் திருப்பினார். ஐந்தாவது வட்டம் கறுப்பாக இருந்தது. கோட்டைத் தாண்டாமல், பொறுமையாக நிரப்பியிருந்தார். அந்தத் தாள் முழுக்க E நிரப்பியிருந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

“எனக்குத் தெரியலன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரில்லா இருக்கு,” என்றார் டைரக்டர். “தெரியாதவருக்கு நான் எப்படி சார் மார்க் போட?”

“அவருக்குத் தெரியும் அண்ணாச்சி. யாருக்கும் தெரியாதுங்கது அவருக்குத் தெரியும்.”

கணக்கு மேடம் சிரித்துவிட்டார். “சார், எங்க பாடத்துல இப்படி ஒரு வசதி இல்லாமப் போச்சே. பிள்ளையள்லாம் யாருக்கும் தெரியாதுன்னே எழுதிட்டுப் போயிரும்.”

டைரக்டரும் சிரித்தார். முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, மீதி நேரத்தில் படித்தவள். அந்தப் பணம் வந்தால் கடைக்குப் போக வேண்டாம். கால் வீக்கம் வடியும்.

“நீ என்னம்மா போட்ட?” என்று கேட்டார் டைரக்டர்.

“A சார்.”

“ஏன் A?”

“கைடுல A.”

“அவ்வளவுதான சார் விசயம்,” என்று என்னைப் பார்த்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அன்று அந்த வகுப்பில் நீயும் இருந்தாயே, மலைச்சரிவுதான் முடிவான விடை என்று நீ நம்பினாயா என்று முத்துமாரியைக் கேட்டிருந்தால் போதும். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். இல்லை சார் என்று சொல்லியிருப்பாள். முதலிடம் வந்த பிள்ளையே அப்படிச் சொன்ன பிறகு, மேடத்தை வைத்துக்கொண்டு டைரக்டரால் எதுவும் பேச முடியாது. வாதத்தில் நான் ஜெயித்திருப்பேன். பாய் ஊரில் இருந்திருப்பார்.

நான் கேட்கவில்லை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருத்தியின் வாயால் அவளுக்கே குழி தோண்டவைக்க என்னால் முடியவில்லை. இதைச் சரி என்றும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன். இப்போது அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் கேட்கமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வாதம் என்று என் கையில் ஒன்றும் இல்லை.

தாளை வாங்கி எழுதினேன்: இப்பெயரின் மூலம் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. இக்கேள்வியை நீக்குவதே முறை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டைரக்டர் வாசித்தார், மரியாதையாக மடித்தார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

“உங்க கருத்து உங்க கருத்து சார். பாய் வேற இன்னைக்கு வரல. ஆட்சேபம் குடுத்த ஆளுக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன செய்ய?”

“விசா மெடிக்கலுக்குப் போயிருக்காரு அண்ணாச்சி. அது ஒங்களுக்கும் தெரியும்.”

“அதான் சொல்லுதேன். அவருக்கு வழி இருக்குல்லா. இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?”

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தேன்.

மாடிப்படி இறங்கும்போது முத்துமாரி பின்னாலேயே வந்தாள். “சார், எனக்கும் தெரியும் சார். அன்னைக்கு நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு. பரீட்சைன்னா கைடுல இருக்கத எழுதணும்னு போட்டேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“தெரியும்மா. அதான் கேக்கல. வீட்டுக்குப் போ.”

அவள் அழுதாள். முதலிடம் வந்த பிள்ளை அழுதுகொண்டே பஸ் ஏறியதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் வாசலில் அவள் படம் போட்ட பிளக்ஸ் தொங்கியது. எனக்கு வரலாறு போய்ப் புவியியல் வந்தது. மழையளவும் மண்வகையும் சொல்லிக்கொடுத்தேன். அதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று டைரக்டர் நினைத்திருப்பார். அடுத்த சாரல் சீசன் வருவதற்குள் நானே நின்றுகொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பாய் மனைவியையும் மகளையும் குற்றாலம் கூட்டி வந்தார். எனக்குப் போன் செய்தார், போனேன். என் அப்பாவிடமே எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார். கூட்டம் நெரிந்தது. அப்பா அவர் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே விசாரித்தார்.

“ஏ பாய், எம் மவன் என்னமோ ராசா பேரு சொல்லிக் குடுத்து ஒம்ம கப்பல் ஏத்திட்டானாமே?”

“கப்பல் இல்ல அண்ணாச்சி, பிளைட்டு,” என்றார் பாய், கண்ணை மூடியபடி.

“எதுவா இருந்தா என்ன. தலைய ஆட்டாதேயும், கண்ணுல எண்ணெ எறங்கும்.”

நான் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். எல்லோரும் அவரிடம் கேட்டிருப்பார்கள், நானும் கேட்டேன். “E மட்டும் போடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே பாய். ஏன் போட்டிய?”

“கை A-க்குத்தான் சார் போச்சு.” கண் இன்னும் மூடித்தான் இருந்தது. “அங்க கடையில தேதி முடிஞ்ச சாமானுக்குப் புது லேபிள் ஒட்டச் சொல்லுவான். பதினோரு வருசம் ஒட்டினேன். வேற வழி இல்ல, சோறு அவன் போடுதான். இங்கயும் வந்து, முடிவு இல்லாததுக்கு முடிவுன்னு ஒரு லேபிள் ஒட்டணுமான்னு இருந்துச்சு. ஒரே ஒரு எடத்துலயாவது ஒட்டாம இருப்போம்னு நெனைச்சேன். அது இம்புட்டு வெல போவும்னு தெரியல.”

அப்பா கை நிற்கவில்லை. அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

“சார், ஒங்க மேல வருத்தம் இல்ல. ஆனா ஒண்ணு. நீங்க அந்த வகுப்ப எடுக்காம இருந்தா நான் A போட்டுட்டுப் போயிருப்பேன். சொல்லிக் குடுத்தது தப்பில்ல. இத எங்கன போடக்கூடாதுங்கதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்லா.”

நான் சொல்லத்தான் செய்திருந்தேன், முதல் வகுப்பிலேயே. ஆனால் அவர் கேட்டது வேறு. அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் ஏறிய அதே நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். அந்த நிமிடத்தில் யாரால் சொல்ல முடியும்?

தம்பி, தங்கைகளே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாக் கருத்தையும் பலகையில் எழுதுங்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். மறைத்தால் நீங்களும் லேபிள் ஒட்டுகிறவர்கள்தான். ஆனால் பிள்ளைகள் சந்தோஷப்படும் அந்த நேரத்திலேயே, வாய் கசந்தாலும், சொல்லிவிடுங்கள்: தெரியாது என்று சொல்ல ஆராய்ச்சி செய்கிறவருக்கு இடம் உண்டு, ஆசிரியருக்கும் கொஞ்சம் உண்டு, மாதச் செலவுக்கு வழி தேடிப் பரீட்சை எழுதுகிறவருக்கு இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்கக்கூடாது.

பாய் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற, செங்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போனார். ஆரியங்காவு தாண்டியதும் வாட்ஸாப்பில் குரல் அனுப்பினார். இன்ஜின் சத்தம், கண்டக்டரின் மலையாளம், நடுவில் அவர்: “சார், ஒங்க சேரநாட்டுக்குள்ள வந்தாச்சு. மல, சேறு, தென்ன எல்லாம் வரிசையா போவுது. வண்டி நின்னா எறங்கி யார்ட்டயாவது கேட்டுப் பாக்கவா, ஏ சேட்டா, ஒங்க நாட்டுப் பேரு எங்கன இருந்து வந்துச்சுன்னு?” சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு முடிவதற்குள் பதிவு நின்றுவிட்டது.

கைடு மறுபதிப்பு வந்துவிட்டது. அந்த வரி அதே இடத்தில், அடிக்கோட்டோடு இருக்கிறது. முத்துமாரி அந்தப் பணத்தை இரண்டு மாதம் வாங்கினாள், பிறகு அவளாகவே மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மறுபடியும் ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று சொன்னார்கள். பாய் மகளுக்கு அவர் குரல் மறுபடியும் பழகியிருக்கும். நான் சாவி கொடுத்து வாங்குகிறேன்.

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஆன செலவு, ஒன்றரை மதிப்பெண்.